சொல் தமிழ், தொடர் ஆங்கிலமா?

தனித்தமிழ் என்றவுடன் அயற்சொல் களைதல் ஒன்றே பலர் நினைவுக்கு வருகின்றது. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிவைத்த அவ்வுழைப்பு வீண்போகவில்லை. அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார், மந்திரி அமைச்சரானார், பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. ஒரு காலத்தில் எள்ளி நகையாடப்பட்ட சொற்கள், நகைத்தவர்தம் பேரப்பிள்ளைகளின் வாயில் இன்று இயல்பாக வழங்குகின்றன. தமிழர் என்றும் மறவாது போற்றத்தக்க வெற்றி இது.

ஆயினும் இவ்வெற்றியின் மறைவில் வேறொரு கேடு வளர்ந்து வருகின்றது. சொல்லெல்லாம் தமிழாயிருக்கத் தொடர் மட்டும் ஆங்கிலமாயிருக்கும் எழுத்து, செய்தித்தாளிலும் அலுவலக ஆணையிலும் தொழிற்சாலை அறிவிப்பிலும் பெருகிவிட்டது. பின்வரும் தொடரைக் காண்க:

‘எம்டன் போர்க்கப்பல் தாக்கியது சென்னைத் துறைமுகத்தை இரவில், செப்டம்பர் 22 அன்று, 1914ஆம் ஆண்டில்.’

கப்பலின் பெயரும் திங்களின் பெயரும் நீங்கலாக இத்தொடரில் அயற்சொல் ஒன்றும் இல்லை. எனினும் இது தமிழன்று. தமிழ்ச் சொற்களை ஆங்கில வரிசையில் அடுக்கிய அடுக்கு. இதனையே தமிழ் அறிந்த ஒருவர் எழுதினால், ‘1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது’ என்றே எழுதுவார். இரண்டு தொடர்களிலும் உள்ள செய்தி ஒன்றே; சொற்களும் ஏறத்தாழ அவையே. வேறுபாடு காலம் நிற்கும் இடத்தில் இருக்கின்றது.

இஃது இலக்கணப் புலவரின் நுண்வழக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. வேலைக்கும் கூலிக்கும் உயிர்க்காப்புக்கும் உரிய ஆவணங்களையெல்லாம் மொழிபெயர்ப்பிலேயே படித்து வாழும் மக்களுக்கு, ஒரு காலச்சொல் இடம் பெயர்ந்தால் உரிமையும் பெயர்ந்துவிடும். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ வாழும் வடசென்னை மக்கள் அத்தகையோர். ஆகவே இதனை அம்மக்களின் மண்ணிலேயே வைத்து ஆராய்தல் தகும்.

இருவேறு நெறிகள்

ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வரும். அதனை அடுத்து வினை வரும். பின்னர்ச் செயப்படுபொருள், இடம், காலம் ஆகியன வரிசையாக நிற்கும். இறந்தகால வினை சொல்லி முடிக்கப்பட்ட பின்னரே, அவ்வினை என்று நிகழ்ந்தது என்பது தெரியவரும். அக்காலச் சொல்லும் தனியே வருவதில்லை. மணிக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஆன்’, திங்களுக்கும் ஆண்டிற்கும் ‘இன்’ என ஒவ்வொன்றிற்கும் ஒரு முன்னிடைச்சொல் துணை நிற்கும். வேண்டுமிடத்துக் காலத்தைத் தொடரின் முதலில் வைத்தலும் ஆங்கிலத்தில் உண்டு. ஆயினும் வினைக்குப் பின்னிடமே அதற்கு இயல்பான இடம்.

தமிழ் இதற்கு நேர்மாறானது. காலம் முன்னும் வினை இறுதியிலும் நிற்கும். துணைச்சொல்லும் பெயருக்கு முன் வாராது; உருபாகவோ சொல்லுருபாகவோ பின்னேயே ஒட்டும். ‘ஐந்து மணிக்கு’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபும், ‘ஆண்டில்’ என்பதில் ‘இல்’ உருபும், ‘திங்களன்று’ என்பதில் ‘அன்று’ என்னும் சொல்லும் பின்னே நிற்றல் காண்க. ‘நேற்று வந்தான்’, ‘இரவு வந்தான்’, ‘மூன்றாம் நாள் வந்தான்’ என்பவற்றுக்கோ எந்த உருபும் வேண்டியதில்லை. திராவிட மொழிகள் பெயருக்குப் பின்னே உருபு பெறும் இவ்வியல்பைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் விளக்கினார். அந்நூல் 1856ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டு சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை தென்னாட்டின் முதல் தொடர்வண்டி ஓடியது.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. ஆங்கிலம் சிறிதிலிருந்து பெரிதிற்குச் செல்லும். மணி முதலிலும் நாள் அடுத்தும் ஆண்டு கடைசியிலும் வரும். தமிழ் பெரிதிலிருந்து சிறிதிற்கு இறங்கும். ஆண்டு, திங்கள், நாள், பொழுது, மணி என்பதே அதன் நிரல். நிலப் பத்திரங்களில் மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று இறங்கி வீட்டை அடையும் நிரலும் இதுவே. முதலில் அகன்ற வெளியைக் காட்டிப் பின்னர்ப் புள்ளியைக் காட்டுதல் தமிழர் மனம் செல்லும் வழி.

ஆங்கிலத்திலும் தமிழ்போல் பெயருக்குப் பின்னே நிற்கும் காலச்சொல் ஒன்று உண்டு. ‘மூன்று நாள்களுக்கு முன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘அகோ’ என்னும் சொல் நாளுக்குப் பின்னரே வருகின்றது. தமிழ்ச் சிறுவர் இச்சொல்லை இடர்ப்பாடின்றிக் கற்றுக்கொள்வதன் காரணமும் இதுவாகலாம். பிற இடங்களில் அவர்கள் ஆங்கிலத்திற்காகத் தம் மனத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கின்றது. ஆங்கிலம் எழுதும்போது அவ்வாறு செய்தல் முறையே. தமிழ் எழுதும்போதும் திருப்பிய மனத்தோடே எழுதுதல்தான் பிழை.

இலக்கணமும் கல்வெட்டும்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். எந்த நிகழ்ச்சிக்கும் களமும் காலமும் முதலாவன. மாந்தர் ஒழுக்கம் அவற்றின்மேல் எழுவது. சொல்லதிகாரத்திலோ, ஏழாம் வேற்றுமை தோன்றும் இடங்களுள் காலத்தையும் ஒன்றாக வைத்தார். மேலும் பின், முன், கால், கடை, வழி, இடத்து என்னும் ஈறுகளை வினையெச்சத்துள் அடக்கிக் காட்டினார். ‘ஆஃப்டர்’ என்றும் ‘பிஃபோர்’ என்றும் ஆங்கிலம் முன்னே நிறுத்தும் பொருளைத் தமிழ் ‘வந்தபின்’ என்றும் ‘வருமுன்’ என்றும் வினையோடு பின்னே இணைத்து, அடுத்து வரும் முற்றுவினைக்கு வழிவிடுகின்றது. நன்னூலார் த், ட், ற் ஒற்றுகளையும் ‘இன்’ என்பதையும் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளாக வகுத்தார். ஆகவே தமிழ்த் தொடரில் காலம் இருமுறை பேசுகின்றது. முதலில் காலப்பெயர் வந்து கேட்பவரை ஆயத்தப்படுத்துகின்றது; இறுதியில் வினையினுள் இருக்கும் இடைநிலை அதனை உறுதிப்படுத்தி முடிக்கின்றது.

நூலில் உள்ள இந்நெறி மக்கள் வழக்கிலும் இருந்தமைக்குத் திருவொற்றியூர்க் கோயிற் சுவர்களே சான்று. அங்குப் பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கொடை கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் எவ்வளவு, அதனால் எரிய வேண்டிய விளக்கு எத்தனை என்பனவெல்லாம் பின்னர்தான் வரும். மன்னன் பெயரும் அவனது ஆட்சி யாண்டும் முதலில் நிற்கும். ‘இன்னானுக்கு யாண்டு இத்தனையாவது’ என்று காலத்தை நாட்டிவிட்டே கல்தச்சன் செய்தியைத் தொடங்கினான். ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் அக்கொடை எப்போது கொடுக்கப்பட்டது என்பதில் ஐயம் எழாமைக்கு அந்நிரலே காரணம்.

அதே கோயிலில் சோழர் காலத்தில் இலக்கணம் கற்பிப்பதற்கென்று ஒரு மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இருந்தன. ஆனால் அங்குக் கற்பிக்கப்பட்டது பாணினியின் வடமொழி இலக்கணம். மண்டபத்தினுள் அயல்மொழி இலக்கணமும், சுவரின்மேல் ஊர்மக்கள் மொழியும் இருந்த அந்நிலை இன்றும் மாறவில்லை. வடமொழி இருந்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்திருக்கின்றது, அவ்வளவே. ஆங்கில இலக்கணத்தில் வினைக்குப் பின் காலம் வரும் முறையைப் பத்தாண்டு பயிலும் மாணவன், தன் மொழியில் காலம் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு நாளும் கேட்காமலே பள்ளியை விட்டு வெளியேறுகின்றான்.

பொருள் கெடும் இடங்கள்

வரிசை மாறினால் ஓசை மட்டுமே கெடும் என்று சிலர் எண்ணுவர். பொருளும் கெடும் என்பதற்குச் சில சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, இரண்டு வினைகள் உள்ள தொடர். 2023ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்தது. சுற்றியுள்ள ஊர்மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய நேர்வுகளில் மக்கள் கேட்கும் முதல் வினாக்கள், ‘எப்போது கசிந்தது? எப்போது நின்றது? எப்போது சொன்னார்கள்?’ என்பனவே. மூன்றும் காலம் பற்றிய வினாக்கள்.

இனி எடுத்துக்காட்டாக ஒரு தொடரைப் புனைந்து காண்க. ‘கசிவு நிறுத்தப்பட்டதாகச் செவ்வாயன்று நிறுவனம் கூறியது’ என்றால், செவ்வாய் என்பது கூறிய நாள். ‘செவ்வாயன்றே கசிவு நிறுத்தப்பட்டதாக நிறுவனம் கூறியது’ என்றால், செவ்வாய் என்பது நிறுத்தப்பட்ட நாள். காலச்சொல் தனக்கு அடுத்து வரும் வினையைப் பற்றும் என்பது தமிழின் பொது இயல்பு. அவ்வியல்பைப் போற்றி, உரிய வினையை ஒட்டிக் காலத்தை வைப்பவர்க்கு ஐயம் எழ இடமில்லை. ஆங்கிலத்திலோ ‘செவ்வாயன்று’ என்னும் தொடர் இரண்டு வினைகளுக்கும் இடையே நின்று இருபுறமும் நோக்கலாம். அதனை ஆங்கில இலக்கணத்தாரே குறையென்பர். அக்குறையை அப்படியே பெயர்த்து, ‘நிறுவனம் கூறியது செவ்வாயன்று கசிவு நிறுத்தப்பட்டது என’ என்று எழுதுபவர், தமிழில் இல்லாத நோயைத் தமிழுக்குத் தருகின்றார். நச்சு வளி கசிந்த ஊரில், நிறுத்தப்பட்ட நாளும் அறிவித்த நாளும் ஒன்றா வேறா என்பது சிறிய செய்தியன்று.

இரண்டாவது, கால அளவு. ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்னும் ஒரே சொல் முடிந்துபோன காலத்திற்கும் தொடர்ந்து வரும் காலத்திற்கும் பொதுவாக நிற்கும். வேறுபாட்டை வினைமுற்றே காட்டும். தமிழிலோ பெயரும் காட்டும், வினையும் காட்டும். ‘ஒன்பதாண்டு வேலை செய்தான்’ என்றால் அவ்வேலை முடிந்துவிட்டது. ‘ஒன்பதாண்டாக வேலை செய்கின்றான்’ என்றால் இன்றும் அவன் அவ்வேலையில் இருக்கின்றான். ‘ஆக’ என்னும் ஈறும் நிகழ்கால வினையும் சேர்ந்து, இறந்தகாலத்தில் தொடங்கிய ஒன்றை இந்நாள்வரை இழுத்துவந்து நிறுத்துகின்றன.

ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இதனை மறந்து, ‘இவர் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியுள்ளார்’ என்று எழுதிவிடுகின்றார். படிப்பவர்க்கு அவர் பணியிலிருந்து நீங்கிவிட்டார் என்றே தோன்றும். ஒப்பந்தத் தொழிலாளர் நிறைந்த துறைமுகப் பகுதியில் இஃது எத்தகைய இழப்பு! 24 மாதக் காலத்துள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவர் நிலைப்பணியாளர் ஆக்கப்பட வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வகுத்தது. அதற்கு முன்பே 1947ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுச் சட்டம் 12 மாதத்துள் 240 நாள் என்னும் கணக்கைக் கொண்டு தொடர்பணியை அளந்தது. இவையெல்லாம் கால அளவின்மேல் கட்டப்பட்ட உரிமைகள். ‘பணியாற்றி வருகின்றார்’ என்று எழுத வேண்டிய முறையீட்டில் ‘பணியாற்றியுள்ளார்’ என்று எழுதினால், தொழிலாளி தன் கையெழுத்தாலேயே தன் வேலையை முடித்துக்கொண்டவனாகக் காட்சியளிப்பான்.

மூன்றாவது, ‘அன்டில்’ என்னும் ஆங்கிலச் சொல் எதிர்மறை வினையோடு சேரும் இடம். ‘கடலில் கலந்த எண்ணெய் அகற்றப்படும்வரை படகுகள் செல்லவில்லை’ என்பது பெயர்ப்புத் தமிழ். இலக்கணப் பிழை அதில் இல்லை. ஆனால் பின்னர்ப் படகுகள் சென்றனவா என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகின்றது. ஆங்கிலத்தில் அவ்வாய்பாடு, பின்னர்ச் சென்றன என்பதையும் உடன் உணர்த்தும். ஆகவே, ‘எண்ணெய் அகற்றப்பட்ட பின்னரே படகுகள் சென்றன’ என்பதே அதற்கு நேரான தமிழ். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்காலையில் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோதும், 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தபோதும், மீனவர்க்கு வேண்டியிருந்த செய்தி இதுவே: எதன் பின்னர்க் கடலுக்குச் செல்லலாம்? ‘வரை’ என்பது தடையின் எல்லையைச் சொல்லும். ‘பின்னரே’ என்பது தடை நீங்கும் வாயிலைச் சொல்லும். ஏகாரம் ஒன்று செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் செய்கின்றன. அவ்விரண்டையும் தமிழில் தேடி அலைவது ஏன்?

நான்காவது, தொடக்கமும் முடிவும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. இதனை 61 நாள் என்பர். ஏப்பிரலில் 16 நாள், மே முழுவதும் 31 நாள், சூனில் 14 நாள், கூட்டினால் 61. தொடக்க நாளும் முடிவு நாளும் இரண்டும் கணக்கில் அடங்கியிருத்தல் காண்க. ‘முதல்’, ‘வரை’ என்னும் இணை இரு முனைகளையும் உள்ளடக்கும் என்பது காசிமேட்டில் படகு கட்டி நிற்கும் எவர்க்கும் தெரிந்த கணக்கு. ஆங்கிலத்தில் இவ்விடத்து முடிவு நாள் உள்ளா வெளியா என்னும் வழக்கு எழுமாதலால், ‘இரு நாளும் உட்பட’ என்று அவர்கள் தனியே எழுதுவர். தமிழில் ‘வரை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘க்குள்’ என்றும், ‘க்குள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வரை’ என்றும் மாற்றி எழுதுவதால்தான் குழப்பம் பிறக்கின்றது. ‘15ஆம் நாள் வரை மனுக்கள் பெறப்படும்’ என்பது பெறுவோர் செயலின் நீட்சி. ‘15ஆம் நாள் மாலை 5 மணிக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்’ என்பது கொடுப்போர்க்கு இட்ட எல்லை. இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது.

ஐந்தாவது, ‘கடந்த’ என்னும் சொல்லின் வெற்றுச் சுமை. ‘கடந்த 2017ஆம் ஆண்டு எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது’ என்று எழுதுவது இன்று செய்தித்தாள் வழக்கமாகிவிட்டது. 2017 கடந்துவிட்டது என்பதை அறியாத தமிழர் எவர்? ‘கடந்த ஆண்டு’ என்றால் பொருள் உண்டு. ‘கடந்த திங்கட்கிழமை’ என்றாலும் பொருள் உண்டு. ஆண்டின் எண்ணைச் சொன்ன பின்னர் அச்சொல்லுக்கு அங்கு வேலை இல்லை. ‘எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது’ என்பது எவ்வளவு தெளிவாக இருக்கின்றது! ‘இயங்கியது’ என்னும் இறந்தகால வினையே, அது கடந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றது.

மறுப்புகளும் விடையும்

‘வந்தான் நேற்று’ என்று ஊரில் பேசுவதில்லையா என்று சிலர் வினவுவர். பேசுவது உண்டு. வடசென்னைத் தெருக்களில் அவ்வாறு பேசும் வாய்கள் பல. ஆனால் பேசுபவன் முதலில் நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, விட்டுப்போன காலத்தை நினைவுகூர்ந்து பின்னே சேர்க்கின்றான். அல்லது காலத்தை அழுத்திச் சொல்ல விரும்புகின்றான். குரலின் ஏற்ற இறக்கம் அதனைக் காட்டிக்கொடுக்கும். தாளில் குரல் இல்லை. பேச்சின் இத்தகைய நெகிழ்வுகளை நம் முன்னோர் அறியாதவரல்லர். ‘இதோ வந்துவிட்டேன்’ என்று, வாராத ஒருவன் இறந்தகாலத்தாற் சொல்வதையும் விரைவுபற்றி வந்த வழக்கென்று தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டார். நெகிழ்வுக்கும் காரணம் கூறுவது இலக்கணம். ஆங்கில வரிசையை எழுதுவோர்க்கோ அத்தகைய காரணம் ஏதும் இல்லை; மூலம் அப்படி இருந்தது என்பதே அவர்தம் ஒரே காரணம்.

செய்யுளில் வினை முன்வருமே என்பர் வேறு சிலர். வரும். அதற்காகத்தான் பொருள்கோள் என்று ஒரு பகுதியை இலக்கணத்தார் வகுத்து, சொற்களை எவ்வாறு கூட்டிப் பொருள்கொள்ள வேண்டும் என்று காட்டினர். தொழிற்சாலை வாயிலில் தொங்கும் அறிவிப்புக்குப் பொருள்கோள் சொல்லும் உரையாசிரியர் எங்கே இருக்கின்றார்? இரவு முறை முடிந்து களைத்து வரும் தொழிலாளி ஒருமுறை படித்தே அதனை அறிந்துகொள்ள வேண்டும்.

‘பொருள் விளங்கினால் போதாதா?’ என்பது மூன்றாவது மறுப்பு. மேலே காட்டிய ஐந்து இடங்களில் நான்கில் பொருள் விளங்கவில்லை, அல்லது மாறுபட விளங்குகின்றது. விளங்குவது போலத் தோன்றி வேறாய் விளங்குவதைவிட, விளங்காமலே இருப்பது மேல். விளங்காதவன் பிறரைக் கேட்டுத் தெளிவான். வேறாய் விளங்கியவன் அதனை நம்பிச் செயலாற்றிவிடுவான்.

இனிச் செய்ய வேண்டுவன

தொழிற்சாலைகளில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. நிலையாணைகள் பற்றிய 1946ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே விதித்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து அப்பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. சட்டம் மாறினும் நெறி மாற வேண்டியதில்லை. ‘விளங்கும் மொழி’ என்றால் தமிழ் எழுத்து என்று மட்டும் பொருள்கொள்ளலாகாது. தமிழ்த் தொடர் என்றும் பொருள்கொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் உயிர், ஆணைகளைத் தமிழில் பெயர்ப்பதில் இல்லை. தமிழில் எண்ணி எழுதுவதில் இருக்கின்றது. ஆகவே தொழிற்சங்கங்கள், தாம் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் தமிழ்ப் படியை முதலில் எழுதுவித்து, பின்னரே ஆங்கிலப் படியை எழுதுவிக்குமாறு கேட்டல் வேண்டும். எந்த மொழியில் முதலில் எழுதப்படுகின்றதோ அந்த மொழியின் காலக்கணக்கே ஒப்பந்தத்தை ஆளும்.

பள்ளிகளில் ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடிச் செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஆங்கிலப் பாடத்தில் இறந்தகால வினைக்குப் பின் வரும் காலத் தொடர்களைக் கற்பிக்கும் அன்றே, அவற்றைத் தமிழில் வினைக்கு முன் கொண்டுவந்து எழுதச் செய்யலாம். ஆண்டு, திங்கள், நாள், மணி என்னும் நிரலில் ஒருமுறை எழுதிப் பழகிய கை பின்னர்த் தவறாது. இதனால் ஆங்கிலமும் கெடாது. இரு மொழிகளின் நெறியும் தனித்தனியே தெளிவாகும். ஆங்கிலத்தைப் பகைத்தல் இதன் நோக்கமன்று. ஆங்கிலத்தை ஆங்கிலமாகவும் தமிழைத் தமிழாகவும் எழுதுவித்தலே நோக்கம்.

தனித்தமிழ் அன்பர்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. அயற்சொல் ஒன்று கண்டால் துடித்தெழும் கண், அயல்தொடர் கண்டு அமைதியாகக் கடந்துசெல்வது ஏன்? வடசொல் ஒன்றும் கலவாத கட்டுரையில், காலம் முழுவதும் வினைக்குப் பின்னே தொங்கிக்கொண்டிருந்தால் அக்கட்டுரைக்குத் தனித்தமிழ் என்று பெயர் சூட்டலாமா? பிறமொழிச் சொல்லை நீக்க அகரமுதலி ஒன்று போதும். பிறமொழித் தொடரை நீக்க, எழுதுபவர் தாமே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். வினை இறுதியில் நின்று தொடரை முடிக்கின்றதா, காலம் தனக்குரிய வினையை ஒட்டி நிற்கின்றதா, பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகின்றதா, ‘ஆக’ வேண்டிய இடத்தில் ‘ஆக’ இருக்கின்றதா என்னும் நான்கு வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளல் போதும்.

திருவள்ளுவர் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை அதனை அடுத்தும் வைத்தார். செயலாற்றப் புகுவோன் இடத்திற்கு முன் அறிய வேண்டியது காலம் என்பது அவர் வைப்புமுறையால் பெறப்படும். தொடர் எழுதப் புகுவோனுக்கும் அதுவே நெறி. சொற்களை மீட்டெடுத்த தமிழினம், அச்சொற்கள் நிற்க வேண்டிய இடங்களையும் மீட்டெடுப்பதாக!